பேட்டரி மேல் விழும் பழி

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பழி விழுவது பேட்டரியின் மேல்தான். கள்ளிக்குப்பத்தில் வீட்டு வாசலில் வண்டி மக்கர் செய்தால், ரெட்ஹில்ஸ் ரோட்டுப் பேட்டரிக் கடைக்கு ஒரு போன். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி மாட்டுகிறோம். உடனே செல்ஃப் எடுக்கிறது, மனசுக்கு நிம்மதி. ஒரு வாரம் போவதற்குள் சாவியைத் திருப்பினால் மறுபடியும் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. புதிய பேட்டரியையும் குறை சொல்லிக்கொண்டு வாரண்டி அட்டையைத் தேடுகிறோம். பழைய பேட்டரியும் சரி, புதியதும் சரி, ஒரு தப்பும் செய்திருக்காது. அவற்றுக்குச் சார்ஜ் கொடுக்க வேண்டிய ஆல்டர்னேட்டர் படுத்திருக்கும்.

கார் வைத்திருப்பவர் எல்லோரும் மெக்கானிக் ஆகத் தேவையில்லை. ஆனால் இந்த ஒரு கருவியை மட்டுமாவது தானே சோதித்துப் பார்க்கவும், கொஞ்சம் பழைய மாடல் வண்டியாக இருந்தால் தானே கழற்றி மாட்டவும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதிலும் அம்பத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியாமல் இருக்கலாமா? நாட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் போவதே இங்கிருந்துதான்.

எம்.டி.எச். ரோட்டில் பாடிக்குப் போகிறவர்கள் லூகாஸ் டிவிஎஸ் ஆலையைக் கடக்காமல் போக முடியாது. 'லூகாஸ்' என்றாலே பஸ் கண்டக்டருக்கு எந்த ஸ்டாப் என்று தெரியும். கார்களுக்கு விளக்கும் மின்சாதனங்களும் செய்துவந்த இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் மதுரையில் பிறந்த டிவிஎஸ் குழுமமும் கைகோத்து 1961-ல் தொடங்கியது இது. இஞ்சினை எழுப்பும் செல்ஃப் மோட்டார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டும் இங்கே உருவாகின்றன. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருது 2004-ல் இந்த ஆலைக்குக் கிடைத்தது. 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், வார்ப்பு, பிரஸ் வேலை செய்யும் சிறு பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. மோட்டார் வாகன உதிரிபாகம் என்பது இந்த வட்டாரத்துக்கு அன்றாடச் சோறு.

ஆல்டர்னேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளச் சைக்கிள் டைனமோவிலிருந்து தொடங்குவது நல்லது. அதற்கும் அம்பத்தூர் பொருத்தமான ஊர்தான், டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் கால் ஊன்றிய இடமல்லவா. டயரில் உரசிச் சுழலும் அந்தச் சின்ன டைனமோவுக்குள் ஒரு நிலைக்காந்தம் சுற்றும், அதைச் சூழ்ந்து கம்பிச்சுருள் அசையாமல் இருக்கும். காந்தப்புலம் மாறினால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டியதுதான் அடிப்படை. வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மேட்டில் திணறினால் மங்கும். வேகத்துக்கு ஏற்றபடி மின்சாரம் ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்த அதில் வழி கிடையாது, ஏனென்றால் நிலைக்காந்தத்தின் பலத்தை நம்மால் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கார் அதைத் தாங்காது. இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகினாலும், 5000 சுற்றில் அலறினாலும் பேட்டரிக்குப் போகும் வோல்ட் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். அதனால் நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தம் வைத்தார்கள். அதற்குள் போகும் கரண்டைக் கூட்டினால் காந்தம் வலுக்கும், குறைத்தால் தளரும்.

ஆல்டர்னேட்டருக்கு முன்பு கார்களில் இருந்தது டைனமோ. பழைய அம்பாசடரிலும் பியட்டிலும், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ஓடியது அது. அதில் காந்தம் வெளியே நிற்கும், உள்ளே ஆர்மேச்சர் என்ற கனத்த சுருள் சுற்றும். உண்டாகும் கரண்ட் முழுவதும் சுழலும் அச்சிலிருந்து கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதனால் தீப்பொறி பறக்கும், பிரஷ் தேயும். கனமான ஆர்மேச்சரை வெகு வேகமாகச் சுற்றவும் முடியாது, சுருள் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே இஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும்படி அதை மெதுவாகவே சுற்றவைத்தார்கள். சிக்னலில் நிற்கும்போது அந்த வேகம் போதாமல் சார்ஜ் கிடைக்காது. ஹெட்லைட் மங்கும், டேஷ்போர்டில் ஆம்ப்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். அந்தக் கார்களை இரவில் ஓட்டியவர்கள் சிக்னலில் நின்றபடி ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டே இருந்தது இதனால்தான்.

ஆல்டர்னேட்டரில் இந்த ஏற்பாடு தலைகீழானது. சுற்றுவது காந்தம், நிற்பது சுருள். பெரிய கரண்ட் அசையாத சுருளிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். பிரஷ் வழியாக உள்ளே போவது மின்காந்தத்துக்கான சில ஆம்பியர் மட்டும். ஆனால் இப்படிப் பிறப்பது ஏசி கரண்ட், பேட்டரிக்கு வேண்டியது டிசி. ஒரே திசையில் மட்டும் கரண்டை விடும் சிலிக்கான் டயோடு கட்டுப்படியாகும் விலைக்கு வந்த பிறகுதான் இந்த முறை சாதாரணக் கார்களுக்குப் பரவியது. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி தன் 1960 மாடல் வேலியன்ட் காரில் இதை வைத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுவதும் டைனமோ ஒதுங்கிக்கொண்டது. இருந்தாலும் நம் பட்டறைகளில் பலர் ஆல்டர்னேட்டரையும் 'டைனமோ' என்றேதான் கேட்பார்கள். அது தெரிந்தால் கடையில் குழப்பம் வராது.

பழைய ஆல்டர்னேட்டர் ஒன்று கையில் கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். நீளமான நாலு ஸ்க்ரூவை எடுத்தால் அலுமினிய உடல் இரண்டாகப் பிரியும். நடுவில் இருப்பது ரோட்டர். இரண்டு இரும்பு வட்டுகளின் விளிம்பிலிருந்து வளைந்து வரும் கூம்பு முனைகள், இரு கை விரல்களையும் இடைவெளி விட்டுக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். அவற்றுக்குள்ளே ஒரே ஒரு சுருள். அதில் கரண்ட் பாய்ந்தால் ஒரு வட்டின் விரல்களெல்லாம் வடதுருவம், மற்றதன் விரல்களெல்லாம் தென்துருவம். சுற்றும்போது வெளிச்சுருளுக்கு வடக்கும் தெற்கும் மாறி மாறித் தெரியும். ரோட்டரின் ஒரு முனையில் இரண்டு செம்பு வளையங்கள், அவற்றின் மேல் ஸ்பிரிங்கால் அழுந்தி நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். ரொம்ப நாள் ஓடிய ரோட்டரில் அந்தச் செம்பு வளையத்தை விரல் நகத்தால் தடவினால் பிரஷ் ஓடிய தடம் பள்ளமாக நகத்தில் தட்டும். சுற்றிலும் மை போல ஒட்டியிருப்பது தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூள். பல ஆல்டர்னேட்டர்களின் சாவு இந்தப் பள்ளத்திலும் இந்தத் தூளிலும்தான் தொடங்குகிறது.

ரோட்டரைச் சூழ்ந்திருப்பது ஸ்டேட்டர், மூன்று தொகுதியாகச் சுற்றிய செம்புக் கம்பி. பின்பக்கம் அலுமினியத் தகட்டில் பதித்த ஆறு டயோடுகள் அந்த மூன்று பேஸ் ஏசியை டிசி ஆக்குகின்றன. பிரஷ் பெட்டியோடு ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்புத் துண்டுதான் ரெகுலேட்டர். வோல்டைப் பார்த்துக்கொண்டே ரோட்டர் சுருளுக்குப் போகும் கரண்டை நொடிக்குப் பல தடவை விட்டு நிறுத்தி, 14 வோல்ட் சுற்றுவட்டாரத்திலேயே பிடித்துவைக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு எதற்கு 14? உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் சார்ஜ் வாங்கிக்கொள்ள 2.3 வோல்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். ஆறால் பெருக்கிப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும், அழுகிய முட்டை நாற்றம் கூட வரும்.

இந்த மின்சாரம் சும்மா கிடைப்பதல்ல. 14 வோல்டில் 60 ஆம்பியர் கொடுத்தால் 840 வாட். அதைக் கொடுப்பதற்கு இஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறன் வாங்கிக்கொள்ளும், மீதி சூடாகப் போகும். கார்த்திகை மாத மழையில், இரவில், அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். ஏசி, ஹெட்லைட், வைப்பர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடுகின்றன. இஞ்சினோ ஐடிலிங்கில் இருக்கிறது, அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரால் தன் முழு அளவைத் தர முடியாது. பானெட்டுக்குள் வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். சென்னை ஓட்டம் இந்தக் கருவிக்குக் கடினமான ஓட்டம்தான்.

மாற்றுவதற்கு முன் நோய் ஆல்டர்னேட்டரில்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதில்தான் பெரும்பாலானோர் காசை இழக்கிறார்கள். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.4-ல் நின்று மெல்லக் கீழே இறங்கினால் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதன் பிறகு ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள், 13-க்குக் கீழே சரியக் கூடாது. மீட்டரை ஏசி வோல்டுக்குத் திருப்பி அதே முனைகளில் வைத்தால் அரை வோல்டுக்கு மேல் காட்டுகிறதா? டயோடு ஒன்று பழுது. இரவு நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி காலையில் தானாகவே இறங்கிக் கிடப்பதற்கும் ஷார்ட் ஆன டயோடு காரணமாக இருக்கலாம்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தாலும் உடனே ஆல்டர்னேட்டர் வாங்க ஓட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பளபளவென்று வழுக்குகிறதா பாருங்கள். மழை நாளில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்துவது வழுக்கும் பெல்ட். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துலக்குங்கள். மெயின் ஃபியூஸைப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனைக்கும் பேட்டரி பிளஸுக்கும் இடையே மீட்டரை வைத்தால் கால் வோல்டுக்கு மேல் காட்டுகிறதா? அப்படியானால் கருவி நன்றாகத்தான் இருக்கிறது, ஒயரிலோ இணைப்பிலோ கோளாறு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. சாவியை ஆன் செய்து இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்தால் டேஷ்போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பல மாடல்களில் ரோட்டர் காந்தமாவதற்கான முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. அந்த பல்பு போயிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் விழித்துக்கொள்ளாமல் கிடக்கும்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட் என்று முடிவு கட்டும் சோதனை ஒன்று இன்னும் வழக்கில் இருக்கிறது. டைனமோ காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய காரில் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்ய வருபவரையும் தடுங்கள். பேட்டரி என்ற தாங்கி சட்டென்று விலகும்போது வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். ரெகுலேட்டரும் டயோடும் போவதோடு இஞ்சின் கம்ப்யூட்டரும் போகலாம்.

ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதியானால் வேலைக்கு இறங்கலாம். இஞ்சின் முன்பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் சின்னக் கார்களில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் 10-ம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயர் சாவி ஆஃப்பில் இருந்தாலும் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பானரை வைத்து, மறுமுனை பாடியில் பட்டால், ஸ்பானர் வெல்டிங் ஆகும் அளவுக்குத் தீப்பொறி பறக்கும். மோதிரத்தையும் கைச் சங்கிலியையும் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்வதும் அதனால்தான்.

போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெல்ட் எந்தப் புல்லி மேல் எப்படிப் போகிறது என்பது தெரியும்படி. பழைய மாடல்களில் கீழே ஒரு நீளமான போல்ட், மேலே வளைந்த பட்டையில் ஒரு சின்ன போல்ட். 12, 14-ம் நம்பர் ரிங் ஸ்பானர்கள் பெரும்பாலும் போதும். இரண்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தளர்ந்து கழன்றுவிடும். தானாக இறுக்கிக்கொள்ளும் டென்ஷனர் உள்ள வண்டியில் அந்த டென்ஷனரை ஸ்பானரால் திருப்பிப் பிடித்தபடி பெல்ட்டை எடுக்க வேண்டும். பிளக்கை அதன் கிளிப்பை அமுக்கி எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தடித்த ஒயரின் ரப்பர் மூடியை விலக்கி நட்டைக் கழற்றுங்கள். நம் ஊர் மழைக்குக் கீழ் போல்ட் துருவேறிப் பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டால் மல்லுக்கட்ட வேண்டியிராது. நாலைந்து கிலோ கனம் இருக்கும், கடைசி போல்ட்டை உருவும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது, கீழே ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும்.

புதியது மாட்டும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புல்லியில் பள்ளங்கள் எத்தனை, பிளக்கில் பின் எத்தனை, போல்ட் துளைகளுக்கு இடைவெளி எவ்வளவு, லேபிளில் ஆம்பியர் எவ்வளவு. ஏதாவது ஒன்று மாறினாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எப்படியாவது பொருத்திவிடலாம் என்று முயல வேண்டாம். நீளமான போல்ட் நுழையும் கீழ்க் காதில் இறுக்கமாக ஒரு இரும்பு புஷ் இருக்கும். அது இஞ்சினில் உள்ள பிராக்கெட்டைக் கவ்விப் பிடிப்பதற்காக வைத்தது. புதியது இடத்தில் உட்கார மறுத்தால் அந்த புஷ்ஷைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் அலுமினியக் காதை உடைத்தவர்கள் உண்டு.

பெல்ட்டை இறுக்கும்போது நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதிகம் தளர்ந்தால் வழுக்கும், அதிகம் இறுகினால் பேரிங் சீக்கிரம் போகும். தடித்த ஒயரின் நட் உறுதியாக இறுகியிருக்க வேண்டும். அது ஆடினால் சூடேறிக் கருகும். மைனஸ் கேபிளை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரி சுத்தமாகக் காலியாகிக் கிடந்தால் அதைத் தனியே சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது. காலிப் பேட்டரியை நிரப்பும் சுமையைப் புது ஆல்டர்னேட்டரின் தலையில் முதல் நாளே ஏற்றினால் அது கொதிக்கும். பிறகு மறுபடியும் மீட்டரை எடுத்து அதே சோதனைகள்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. இஞ்சினுக்குப் பின்புறம், டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே ஒளிந்திருக்கும் ஆல்டர்னேட்டரை லிஃப்ட் இல்லாமல் எடுப்பது வீண் வேலை. சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கட்டுப்படுத்துவதால் 12.5 முதல் 15 வரை வோல்ட் மாறி மாறிக் காட்டும், அது பழுதல்ல. 2015-ல் சியாஸ் காரில் வந்த எஸ்.எச்.வி.எஸ். போன்ற, ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான ஏற்பாடுகளையும் வீட்டில் தொட வேண்டாம். ஆரஞ்சு நிற ஒயர் தெரியும் ஹைபிரிட் வண்டி என்றால் கையையே வைக்காதீர்கள்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. புதியதுக்கு மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றியதுக்குப் புதுப்பேட்டை என்பது சென்னை வழக்கம். கழற்றிய ஆல்டர்னேட்டரில் எனக்கு நம்பிக்கை குறைவு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்ற நாட்கள் அவை. பல கார்களில் ஆல்டர்னேட்டர் இஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, காற்றுக்காகத் திறந்த துளைகளோடு. வெள்ளநீர் சேற்றோடு உள்ளே புகுந்தால் பேரிங் கிரீஸ் கெடும், ரோட்டர் விரல்கள் துருப்பிடித்து உப்பும், செம்பு வளையம் கறுத்துப்போகும். வெளியே கழுவித் துடைத்தால் எதுவும் தெரியாது. புல்லியைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தேய்ந்த பிரஷ், போன பேரிங், ஒரு டயோடு, ரெகுலேட்டர் ஆகியவைதான் பெரும்பாலும் போயிருக்கும். செம்புச் சுருளும் இரும்பும் இன்னும் பல வருடம் உழைக்கும். வருடக் கணக்கில் ஓடிய வண்டியின் சில்லறைப் பாகம் தேய்ந்ததற்காக முழுக் கருவியையும் வீசுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்தால், செம்பு வளையத்தை லேத்தில் பிடித்துச் சமப்படுத்தி, பேரிங் மாற்றி, பிரஷ் போட்டுத் தருவார். வைண்டிங் கருகியிருந்தால் மட்டும் செலவு கூடும், அப்போது புதியதே லாபம். காசு கொடுப்பதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் போட்டுச் சுற்றச் சொல்லுங்கள். சுமை இல்லாமல் 14 வோல்ட் காட்டுவது எளிது. நாற்பது ஐம்பது ஆம்பியர் சுமை ஏற்றிய பிறகும் அந்த 14 நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று மீட்டரைப் பார்த்துவிட்டு வாங்கி வாருங்கள்.